காலங்காட்டும் வினைகள்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நின்று ஆங்கில இலக்கணம் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். விழா என்றால் வீர உரை வேண்டும், கைதட்டல் வேண்டும் என்பது வழக்கம். ஆயினும் இச்சங்கம் 25 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது நம் பிள்ளைகளின் படிப்புக்காக. அப்படிப்பில் அவர்கள் பெரிதும் தடுக்கி விழும் இடம் ஆங்கிலம். ஆங்கிலத்திலும், வினைச்சொல்லின் காலம். ஆகவே இன்று வீர உரையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நாம் கரும்பலகைக்குப் போவோம்.

ஆங்கிலம் நம் மக்களுக்கு அந்நியமான ஆயுதம் அன்று. 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரும் அமர்ந்து நம் நிலையை உலகறியச் சொன்னார்கள். சாதி ஒழிப்பைப் பற்றி அண்ணல் 1936இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. அவர்களும் ஒரு நாள் 'கோ, வென்ட், கான்' என்று மனப்பாடம் செய்தவர்கள்தாம். இதை மறந்துவிட்டு, 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று சொல்லும் தம்பியிடம் நாம் சற்றுக் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வினைச்சொல் என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். நன்னூல் கற்றவர்கள் இடைநிலைகளை அறிவார்கள். 'செய்தான்' என்பதில் த் இறந்தகாலம் காட்டும். 'செய்கிறான்' என்பதில் கிறு நிகழ்காலம் காட்டும். 'செய்வான்' என்பதில் வ் எதிர்காலம் காட்டும். வேலை முழுவதையும் சொல்லின் நடுவில் உள்ள ஓரெழுத்தோ ஈரெழுத்தோ செய்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. அங்கே சில வேளை சொல்லின் கடைசி மாறும். சில வேளை சொல்லே உருமாறும். எதிர்காலத்துக்கோ 'வில்' என்னும் துணைச்சொல் முன்னே வந்து நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி அச்சம் போய்விடும்.

நிகழ்காலத்தைப் பார்ப்போம். தமிழில் போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறார்கள், போகிறது, போகின்றன என்று பத்து வடிவங்களைப் பள்ளிக்குப் போகுமுன்பே நம் குழந்தை பிழையின்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தில் இரண்டே வடிவங்கள்: 'கோ', 'கோஸ்'. ஒருவனோ ஒருத்தியோ ஒன்றோ படர்க்கையில் வந்தால் மட்டும் கடைசியில் ஓர் 'எஸ்' ஒலி. பத்தைக் கற்ற நாவுக்கு இரண்டு கடினமா?

இங்கே இடைச்செருகலாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் போகிறான், போகிறார் என்ற வேறுபாடு இருக்கிறதே, அது நம் முன்னோரை எவ்வளவு சுட்டது என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். நரைத்த தலையுடன் நின்ற நம் பாட்டனாரை, ஊர்த்தெருச் சிறுவன் 'வாடா, போடா' என்று அழைத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. ஆங்கில வினைக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. ஆட்சியரும் 'ஹி கோஸ்'. அவர் அலுவலக வாயிலைப் பெருக்குபவரும் 'ஹி கோஸ்'. அம்மொழி பேசுவோர் எல்லாம் சமத்துவவாதிகள் என்று நாம் சொல்லவில்லை. வினைச்சொல் அளவிலாவது வேற்றுமை இல்லை என்கிறோம்.

இனி நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்கு வருவோம். இவை அறிவுக் குறைவால் வருவன அல்ல. தமிழை அப்படியே பெயர்ப்பதால் வருவன. 'என் தந்தை விடியுமுன் வயலுக்குப் போவார்' என்கிறோம். இது வழக்கமாக நடக்கும் செயல். ஆயினும் தமிழ் இங்கே எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறது. பிள்ளை உடனே 'மை ஃபாதர் வில் கோ' என்று எழுதிவிடுகிறான். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலமே பொருந்தும்: 'மை ஃபாதர் கோஸ்'. அவ்வாறே 'எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்' என்பதற்கு 'ஐ ஆம் ஹேவிங்' என்று எழுதுவது. உடைமையும் அறிவும் நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல. 'ஐ ஹேவ்', 'ஐ நோ' என்பனவே போதும்.

இறந்தகாலத்தில் 'இடி' சேர்க்கும் சொற்கள் ஒரு கூட்டம். எழுத்து ஒன்றே ஆயினும் ஒலி மூன்று. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும். 'ப்ளே' என்பது 'ப்ளேட்' என மெலிந்து முடியும். 'வான்ட்' போல 'டி' அல்லது 'டீ' ஒலியில் முடிவன மட்டுமே 'வான்டெட்' என ஓரசை கூடும். இதை அறியாமல் 'வாக்கெட்' என்று வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறது. அவன் அதன் பின் வாய் திறப்பதே இல்லை. ஒரு சிரிப்பில் ஒரு படிப்பு நின்றுபோவதை நாம் கண்டிருக்கிறோம். 'கட்', 'புட்', 'ஹிட்' போன்றவை எக்காலத்திலும் மாறுவதில்லை. 'கோ, வென்ட்', 'சீ, சா', 'ரைட், ரோட்' போன்றவற்றை நெட்டுருச் செய்வதன்றி வேறு வழி இல்லை.

எதிர்மறையில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். 'ஐ டிட் நாட் வென்ட்' என்பதைத் திருத்தாத ஆசிரியர் இருக்க மாட்டார். ஆனால் ஏன் பிழை என்று விளக்குவோர் சிலரே. தம்பி, நீ தமிழில் என்ன சொல்கிறாய்? 'நான் போகவில்லை' என்கிறாய். 'போனேன் இல்லை' என்று பேச்சில் சொல்கிறாயா? 'போக' என்பதில் காலம் ஏதும் இல்லை. அது வெறும் வினை. அதைப் போலவே 'டிட்' என்ற சொல் இறந்தகாலத்தைச் சுமந்துகொண்டபின், பின்னே வரும் வினை சுமையிறக்கி 'கோ' என்றே நிற்கும்: 'ஐ டிட் நாட் கோ'. உன் தாய்மொழியே உனக்கு இந்த விதியைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவது மதிப்பெண்ணோடு நிற்பதன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் இளைஞர் 'ஐ ஹேவ் பாஸ்ட்' என்று எழுதி, பக்கத்திலேயே தேர்ச்சி பெற்ற ஆண்டையும் எழுதுகிறார். ஆண்டைக் குறித்துவிட்டால் செயல் முடிந்துபோனது. 'ஐ பாஸ்ட்' என்றே வரவேண்டும். 'ஹேவ்' சேர்ந்தால் அச்செயல் இன்றோடு தொடர்புடையது என்று பொருள். இது சிறு பிழை, மன்னிக்கப்படலாம்.

நிலத்தைப் பற்றிய மனுவில் இதே பிழை மன்னிக்கப்படுமா? 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை பிறந்து பஞ்சமி நிலங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன. அந்நிலங்களில் எத்தனையோ கைமாறிப்போன கதையை இங்கே விரிக்க நேரமில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றால் ஆவணங்கள் ஆங்கிலத்தில் அமைகின்றன. அங்கே 'வீ கல்டிவேட்டட் திஸ் லேண்ட் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்று எழுதினால், முப்பது ஆண்டு உழுதோம், பிறகு விட்டுவிட்டோம் என்றே படிப்பவர் கொள்ளக்கூடும். 'வீ ஹேவ் பீன் கல்டிவேட்டிங்' என்றால், அன்று தொடங்கி இன்றும் ஏர் நம் கையில் இருக்கிறது என்பது பொருள். எழுதித் தருபவர் வழக்கறிஞரே ஆனாலும், கையெழுத்திடுமுன் அந்த வினைச்சொல்லைப் படித்துப் பார்க்க நம் வீட்டில் ஒரு பிள்ளையாவது வேண்டும்.

நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் இந்தக் கண்ணோடு எடுத்துப் படியுங்கள். 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற பிரிவு அது. தீண்டாமை ஒழிக்கப்படும் என்று அதில் எதிர்காலத்தில் எழுதவில்லை. 'இஸ் அபாலிஷ்ட்' என்று நிகழ்கால வினை நிற்கிறது. எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பது விலக்கப்படுகிறது என்பதும் நிகழ்காலமே. அதை யாரேனும் நடைமுறைப்படுத்தினால் தண்டனைக்குரிய குற்றம் ஆகும் என்னும் இடத்தில்தான் 'ஷல்' வருகிறது. 'மெல்ல மெல்ல மாறும், பொறுத்திருங்கள்' என்று நமக்குச் சொல்பவர்களிடம் அந்த 'இஸ்' என்ற சொல்லைக் காட்டலாம்.

பயிற்சிக்கு அதிகம் வேண்டியதில்லை. நாள்தோறும் இரவில் பத்து வாக்கியம்: இன்று செய்தது நான்கு, வழக்கமாகச் செய்வது மூன்று, நாளை செய்யவிருப்பது மூன்று. உங்கள் வாழ்க்கையையே எழுதுங்கள். ராஜா வேட்டைக்குப் போன கதை வேண்டாம். பிழை வந்தால் வரட்டும். சங்கத்தின் இரவு வகுப்பில் ஒருவர் பிழைக்கு மற்றவர் சிரிக்கக் கூடாது என்பதை மட்டும் நாம் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை முதற்பாடம் 'டிட்'. தங்கைகளும் வரவேண்டும், திரும்பும்போது வீடு வரை துணைக்கு ஆள் வரும். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.