குழிக்குள் நிற்பவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இறந்தோரை அடக்கம் செய்வதற்காகக் குழி தோண்டும் தொழில். வானொலியில் பேச இதுதானா கிடைத்தது என்று உங்களில் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். வீட்டில் இப்பேச்சை எடுத்தால், "விளக்கு வைக்கிற நேரத்தில் இது எதற்கு?" என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். அவ்வாறு பேசாமலே இருந்துவிட்டதனால், அத்தொழிலில் உள்ள ஆபத்தும் நமக்குத் தெரியாமலே போயிற்று.

அடக்கம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகள் அதற்குச் சான்று. தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உண்டு. அந்தத் தாழியை இறக்குவதற்குக் குழி வெட்டியவரைப் பற்றியோ நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. இடுகாடு, கல்லறைத் தோட்டம், மையவாடி என்று இடத்தின் பெயர் மாறினாலும், ஒரு மனிதர் மண்வெட்டியோடு இறங்கி நிற்க வேண்டியிருப்பது எங்கும் ஒன்றே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள குழியிலிருந்து வெளிவரும் மண் 105 கன அடி. ஒரு கன அடி மண் ஏறக்குறைய 45 கிலோகிராம் இருக்கும். ஈரம் ஏறினால் இன்னும் கூடும். ஆகவே கரையில் குவிவது 4,725 கிலோகிராம். 75 கிலோ நெல் மூட்டைகளாகச் சொன்னால் 63 மூட்டை. குழியின் விளிம்பில் இத்தனை மூட்டைகளை அடுக்கிவிட்டு, கீழே ஒருவரை நிற்கச் சொல்வோமா? மண்ணாக இருப்பதனால் அந்தப் பாரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெட்டிய சுவர் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதும் அறிய வேண்டியதே. தோண்டுவதற்கு முன் பக்கத்து மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது, நாம் எடுத்துவிட்ட அந்த மண்தான். அது போனபின் சுவர் தன் பிடிப்பினாலேயே நிற்க வேண்டும். ஈர மணலில் துகள்களுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதனால் காலையில் செங்குத்தாக நின்ற மணற்சுவர், வெயிலில் உலர்ந்ததும் பொலபொலவென்று சரியும். கரிசல் மண்ணின் இயல்பு வேறு. கோடையில் அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. அந்த வெடிப்பின் வழியே ஒரு பாளம் முழுதாகக் கழன்று விழக்கூடும். இவையெல்லாவற்றிலும் நம்பத்தகாதது, முன்பே தோண்டி மூடப்பட்ட மண். பழைய குழிக்கு ஒட்டினாற்போல் புதுக்குழி வெட்டும்போது, நடுவே நிற்கும் மெல்லிய சுவருக்கு அப்பாலுள்ள மண் முன்போல் இறுகியிருப்பதில்லை. இட நெருக்கடியினால் பெரும்பாலும் அப்படித்தான் வெட்ட நேர்கிறது.

இந்த மண்ணறிவை முன்னோர் நன்றாகப் பெற்றிருந்தார்கள். இஸ்லாமியர் கபர் வெட்டும் முறையைப் பாருங்கள். மண் இறுகியிருந்தால் குழியின் அடியில் பக்கவாட்டில் குடைந்து இடம் செய்வார்கள், அது லஹ்து. மண் இளகியதாயிருந்தால் பக்கத்தில் குடைவதில்லை. குழியின் நடுவிலேயே சிறு பள்ளம் எடுத்து மேலே பலகையோ கல்லோ பரப்புவார்கள். நிலத்தைப் பார்த்துக் குழியின் வடிவையே மாற்றுகிற இந்த முறையை நான் வியந்ததுண்டு.

ஆழம் மிகுந்தால் மரியாதை மிகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1665இல் இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, குழிகள் ஆறடிக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டுமென்று அந்நகரத்தார் ஆணையிட்டார்கள். நாம் 'ஆறடி நிலம்' என்பது நீளத்தைத்தான். எப்படியாயினும், குழிக்குள் நிற்பவருக்கு ஒவ்வோர் அடியும் ஆபத்தைக் கூட்டுகிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பொறியியலார் கொள்ளும் விதி. இளமண்ணாயின் அதற்கு முன்பே கொடுக்க வேண்டும். இரு பக்கமும் நெடும்பலகைகளைச் சார்த்தி, குறுக்கே கட்டைகளை இறுக்கிவிட்டால் போதும், செலவு பெரிதன்று. எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டுவதற்கோ செலவே இல்லை. இரண்டடிக்குக் குறையாமல் தள்ளலாம், இடமிருந்தால் இன்னும் தள்ளலாம். ஏறிவர ஓர் ஏணி வேண்டும். மேலே துணைக்கு ஒருவர் இல்லாமல் எவரும் தனியே இறங்கலாகாது. விளிம்புக்கு இணையாகத் தரையில் கோடுபோல் வெடிப்புக் கண்டால், அக்கணமே மேலேறிவிட வேண்டும். முன்தினமே குழி வெட்டியிருந்தால், இரவில் பலகையிட்டு மூடி வையுங்கள். ஆடுமாடும் குழந்தைகளும் அவ்வழியே வருவதுண்டு.

நான் பணியிலிருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம், உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் காலமானார். மூன்று நாள் அடைமழை. அடக்கம் செய்ய நாங்கள் சற்று முன்னதாகவே போய்விட்டோம், வேலை முடியவில்லை. தந்தையும் மகனுமாக இருவர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மகன் குழிக்குள் இருந்தான். எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் ஆவலில் பத்துப் பன்னிரண்டு பேர் விளிம்பில் நெருங்கி நின்றோம். நானும் அவர்களுள் ஒருவன். ஒரு பக்கச் சுவர் ஓசையின்றிச் சரிந்தது. இளைஞன் இடுப்புவரை புதைந்துவிட்டான்.

எங்களில் இருவர் குதிக்கப் போனார்கள். கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் மற்றொருவர். அந்தத் தந்தை கத்தவில்லை. "வாத்தியாரய்யா, எல்லாரையும் தள்ளிப்போகச் சொல்லுங்க. தம்பி, நீ அசையாதே" என்றார். நாங்கள் விலகினோம். கரையிலிருந்த மண்ணை முதலில் தள்ளச் செய்தார். பிணப்பெட்டிக்கென்று கொண்டுவந்திருந்த இரண்டு பலகைகளை இறக்கி, எதிர்ச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகே தாம் இறங்கி, மண்வெட்டியைத் தொடாமல், கையாலேயே மண்ணை விலக்கி மகனை எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறுகிய மண்ணில் புதைந்தவரைக் கயிற்றால் இழுத்தால் மூட்டும் முதுகெலும்பும் சிதையும் என்பதையும், மார்புவரை புதைந்திருந்தால் மூச்சை விடும்போதெல்லாம் மண் மேலும் நெருக்கி அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடும் என்பதையும் பின்னர்த்தான் நான் படித்தறிந்தேன். இந்நாளில் இப்படி நேருமானால், 112 என்ற எண்ணுக்கு உடனே சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்குவதே நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி.

அன்று மகனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, தந்தை எஞ்சிய வேலையைத் தாமே முடித்தார். பேசிய கூலிக்கு மேல் நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஆறு நெடும்பலகை வாங்கித் தந்தால் போதும் என்றார். வாங்கிக் கொடுத்தோம். நான் ஓய்வு பெறும் ஆண்டிலும் அவற்றில் நான்கு, இடுகாட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்திருந்தன.