முதுகு வலியும் மறைக்கக் கூடாத அறிகுறிகளும்

(வாரியத்தின் உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். இருபது ஆண்டுகள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சமையல் தொண்டு செய்தவன். முதுகு வலியைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, அதனால் நான் பட்ட பாடு ஒன்றுதான்.

2016ஆம் ஆண்டு தைப்பூசத்திற்கு முதல் நாள். குனிந்து அரிசி மூட்டையைத் தூக்கித் திரும்பியபோது இடுப்பில் சுரீரென்றது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். சில நாட்களில் வலி பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கியது.

இடுப்பில் பட்ட அடி காலில் ஏன் வலிக்கிறது? நம் முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24. அவற்றின் இடையே மெத்தைபோல் 'டிஸ்க்' இருக்கிறது. கொழுக்கட்டைக்குள் பூரணம் இருப்பதுபோல, உறுதியான நார் உறைக்குள் மென்மையான கூழ். உறை கிழிந்து கூழ் பிதுங்கினால், காலுக்குச் செல்லும் நரம்பை அது அழுத்துகிறது. இதை 1934இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள்.

அன்பர்களே, இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அறுவை சிகிச்சை இல்லாமலே இது தணிந்துவிடும். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதைவிட, முடிந்தவரை நடமாடுவதே நல்லது என்று இன்றைய மருத்துவர்கள் கூறுகின்றனர்.

ஆனால் எனக்கு நேர்ந்தது வேறு. ஒரு நாள் காலை, உட்காரும் இடம் மரத்துப்போயிருந்தது. சிறுநீரும் சரியாக இறங்கவில்லை. மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் உள்ள வீடு. இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டேன். இரண்டு நாள் மறைத்தேன். அடிவயிறு உப்பியிருப்பதைக் கண்டு என் மனைவி வற்புறுத்திக் கேட்ட பிறகே உண்மையைச் சொன்னேன்.

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போல் கற்றையாகத் தொங்குகின்றன. கால்களையும் சிறுநீர்ப் பையையும் மலக்குடலையும் இயக்குபவை அவையே. அந்தக் கற்றை முழுவதும் நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எனக்கு அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். கால் வலி போய்விட்டது. சிறுநீர்ப் பையின் உணர்வு மட்டும் திரும்பவில்லை. இன்றும் குழாய் செருகித்தான் சிறுநீரை வெளியேற்றுகிறேன்.

ஆகவே நினைவில் வையுங்கள். முதுகு வலியோடு, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல் அல்லது வெளிவராமை, இரு கால்களிலும் வலி அல்லது பலவீனம், பாதம் தொங்கிப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகு வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத உடல் மெலிவோ இருந்தாலும் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மூட்டைகளை ஏற்றிச் செல்ல மடப்பள்ளிக்கு இரண்டு தள்ளுவண்டிகள் வாங்கித் தாருங்கள். தொண்டு செய்யும் பிள்ளைகளின் முதுகைக் காப்பதும் அறமே.

வெட்கம் ஒரு நாளில் மறையும். நரம்பு கெட்டால் மீள்வது அரிது.