பழைய ஏரியலைப் புதுப்பித்தல்



நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. பின்னாளில் தோட்டத்து வீட்டுக் கூரைகளிலும் ஏரியல்கள் எழுந்தன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய முறை ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டபோது, இனி இவை பயன்படா என்று கருதிப் பலர் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டனர். 'டிஜிட்டல் ஏரியல்' என்ற பெயரை நம்பிப் புதிதாகப் பணம் செலவிட்டோரும் உளர். இச்செலவு எல்லா வீட்டிற்கும் தேவைதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பல கம்பிகள் வரிசையாக அமைந்த இவ்வகை ஏரியலை உடா, யாகி என்னும் ஜப்பானிய அறிஞர்கள் 1926இல் உலகிற்கு அறிவித்தனர். ஏற்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியே அதன் கம்பியின் நீளம். டிஜிட்டல் ஒளிபரப்புக்குரிய அலைகளுக்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரையிலான கம்பிகள் போதும். உங்கள் ஏரியலில் இத்தகைய குட்டைக் கம்பிகள் இருப்பின், அது டிஜிட்டலுக்கும் உதவும். முக்கால் மீட்டரும் அதற்கு மேலும் நீண்ட கம்பிகள் மட்டுமே உள்ள ஏரியல் இதற்கு ஏற்றதன்று. அதனைச் செப்பனிடுவது வீண் வேலை.

ஏரியல் பழுதாவது பெரும்பாலும் இணைப்புகளிலேதான். கேபிள் இணையும் சிறு பெட்டியைத் திறந்து பாருங்கள். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து, மழைநீர் புகுந்து, திருகுகள் பச்சை பூத்திருக்கும். அலுமினியமும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை இட்டு முடுக்குக. கேபிளின் உட்செம்பு கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிவிடுக. குழாய்க் கம்பிகளின் முனைகளை அடைத்துவிட்டால் குளவி கூடு கட்டாது. காற்றில் ஊளையிடும் ஓசையும் குறையும்.

அடுத்தது கம்பம். பழைய ஒளிபரப்பில் கம்பம் ஆடினால் படம் சற்று மங்கும், அவ்வளவுதான். டிஜிட்டலில் படம் உறைந்தே நின்றுவிடும். துருவேறிய குழாயை மாற்றி, ஏரியலுக்குச் சற்றுக் கீழே மூன்று திசைகளில் கம்பி இழுத்துக் கட்டுதல் நலம். வீடு தோட்டத்திற்குச் சொந்தமாதலின், கூரையில் ஆணி அடிக்கும் முன் நிர்வாகத்திடம் தெரிவித்து விடுங்கள்.

இனி நாம் சொல்லப்போவதைத் தயவுசெய்து ஊன்றிக் கேளுங்கள். மின்கம்பிக்கு அருகில் ஏரியலை ஏற்றுதல் உயிருக்கே ஆபத்து. கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் நடுக. அலுமினிய ஏணிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஏரியல் மின்கம்பியில் பட்டுவிட்டால், அதைப் பிடித்திருப்பவரைத் தொட்டு இழுக்க முயல வேண்டாம், தொட்டவரும் மடிவார். விலகி நின்று 999க்கு அழையுங்கள். கம்பத்திற்கு நிலத்தொடர்பு கொடுக்கும் பணியை மின்பணியாளரிடமே விடுக. வானம் இருளும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பின் அதைத் தொடாதீர்கள்.

ஏரியலை ஏற்றியதும், குட்டைக் கம்பிகள் உள்ள முனை ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கட்டும். ஒருவர் கம்பத்தை மெல்லத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து திரையில் சிக்னல் அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திற்குப் பின்னும் சில விநாடி பொறுத்துப் பாருங்கள். அளவு உச்சத்தை எட்டிய இடத்தில் திருகை முடுக்கி, நிலையங்களை மீண்டும் தேடவிடுக.