அது கக்கூஸ் கழுவுமா?

(ஓசூரில் இளம் தொழிலாளர்கள், மாணவர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களில் பலருக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் கிடைக்கும் ஒரே நாள். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கம், அருந்ததியர் காலனி. சித்தி மகள் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சி. அதில் ஒரு ரோபோ, துவைத்த துணியை எடுத்து மடித்து வைக்கிறது. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். என் அம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அது கக்கூஸ் கழுவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவர் இந்தப் பகுதியில் ஒரு கம்பெனியில் 11 வருடம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். கேலிக்காக அவர் அதைக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் கண்காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாக சி.இ.எஸ். என்பார்கள். நுகர்வோர் மின்னணுப் பொருட்களுக்கான கண்காட்சி. 1967இல் நியூயார்க்கில் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகாஸ் நகரத்தில் நடக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, தொழில் துறையினருக்கு மட்டும்தான். 2025இல் 4,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரித்தன, 1,40,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். வீடியோ கேசட் ரெக்கார்டர், சிடி பிளேயர், டிவிடி என்று நம் வீடுகளுக்குப் பிறகு வந்து சேர்ந்த பல பொருட்கள் அந்த மேடையில்தான் முதலில் தலைகாட்டின.

இப்போது அங்கே என்ன காட்டுகிறார்கள்? 2025இல் ரோபோராக் என்ற சீன நிறுவனம், தரை கூட்டும் ரோபோவுக்கு ஒரு கையைப் பொருத்திக் காட்டியது. கீழே கிடக்கும் சாக்ஸை அது குனிந்து எடுத்து ஓரமாக வைக்கும். கிரின் என்ற ஜப்பானிய நிறுவனம் மின்சாரக் கரண்டி ஒன்றைக் காட்டியது. உப்புக் குறைவான சாப்பாட்டை அதில் எடுத்துச் சாப்பிட்டால் நாக்குக்கு உப்பு தூக்கலாகத் தெரியும். 2026 ஜனவரியில் எல்ஜி நிறுவனம் காட்டியதுதான் நாங்கள் வீட்டில் பார்த்த அந்தத் துணி மடிக்கும் ரோபோ.

கழிப்பறைக்கும் கருவி வந்துவிட்டது தோழர்களே. 2023 கண்காட்சியில் விதிங்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வைத்தது. கழிப்பறைக் கோப்பைக்குள் மாட்டிவிட்டால் சிறுநீரைப் பரிசோதித்து, முடிவை செல்போனுக்கு அனுப்பும். ஆக, மனிதக் கழிவுக்குப் பக்கத்தில் போக விஞ்ஞானம் கூச்சப்படவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவரின் கழிவு என்றால் அதில் உடல்நலத் தகவல் இருக்கிறது. அந்தக் கோப்பையைக் கழுவுகிறவர் மட்டும் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் இருந்திருக்கிறது. எந்தச் சாதிக்காரர்கள் செத்தார்கள் என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

கருவி இல்லாமலா இருக்கிறது? கேரளத்து இளம் பொறியாளர்கள் தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் பேண்டிகூட் என்ற ரோபோவை உருவாக்கியது. 2018இல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடையில் இறக்கினார்கள். கும்பகோணம், கோவை வரைக்கும் வந்தது. அந்தப் பெயர்கூட எங்கள் வீட்டுத் தெலுங்கில் பெருச்சாளியைக் குறிக்கும் பந்திகொக்கு என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். ரோபோ வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் ஆட்கள் இறங்குகிறார்கள். ஆளை இறக்கினால் மலிவு, அவ்வளவுதான் காரணம். ஆள் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறார் என்று கேட்டால் அங்கே சாதி நிற்கிறது.

சரி, நம் வேலைக்கே இயந்திரம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இதற்கு அம்மாவின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது ஆலையின் தரை முழுவதையும் கையால்தான் மாப் போட வேண்டும். முட்டி தேய்ந்துபோகும். ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் காலனி மாதிரியான காலனிகளில் இருந்து கான்ட்ராக்டர் வேனில் வந்தவர்கள். சில வருடம் கழித்து ஒரு இயந்திரம் வாங்கினார்கள். மேலே உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஓட்டிக்கொண்டு போனால் தண்ணீர் விட்டு, தேய்த்து, உறிஞ்சிக்கொண்டே போகும். ஸ்க்ரப்பர் என்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து கையை ஸ்டியரிங் மாதிரி வைத்துக் காட்டினார்.

அடுத்த வாரம் அந்த வண்டியை ஓட்டப் புதிதாக ஒரு பையனை எடுத்தார்கள். ஊர்த்தெருப் பையன். அவன் பதவிக்கு 'மெஷின் ஆபரேட்டர்' என்று பெயர். சட்டை நிறம் வேறு, சம்பளம் கூட, சாப்பிட உட்காரும் மேசையும் வேறு. அம்மா சூப்பர்வைசரிடம் போய், "நானும் ஓட்டிக் கத்துக்கிறேன் சார்" என்று கேட்டிருக்கிறார். "உனக்கெதுக்கும்மா அதெல்லாம், நீ டாய்லெட் பாத்துக்கோ" என்று பதில் வந்தது. அதுவரை தரையும் கழிப்பறையும் சேர்ந்ததுதான் அவருடைய வேலை. இயந்திரம் வந்த பிறகு கழிப்பறை மட்டுமே மிஞ்சியது.

ஐந்து வருடமாக நான் செய்துவரும் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி அங்கேதான் பிறந்தது. துடைப்பம் கையில் இருந்தவரை அது எங்கள் வேலை. அதே வேலைக்குச் சக்கரமும் பொத்தானும் வந்ததும் அது 'டெக்னிக்கல்' வேலை ஆகிவிட்டது, இன்னொரு சாதியின் கைக்குப் போய்விட்டது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்குகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். இயந்திரம் அந்த அடுக்கைத் தானாகக் கலைக்காது. அடுக்கு எப்படி இருக்கிறதோ, அதற்கேற்ற படியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது கருவிகளைச் செய்கிற கைகளுக்கு வருவோம். நம் ஊருக்கு இது புதிதில்லை. டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் ஓசூரிலிருந்துதான் வந்தது. 1984இல் டிட்கோவும் டாடாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் செய்த கடிகாரத்தை நாடு முழுக்கக் கட்ட வைத்தது. இன்று ஏத்தர் ஸ்கூட்டர் இங்கே, ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில். ஐபோனின் வெளிக்கூடு டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில்.

2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே 60,000 பேர் வேலை பார்க்கும் ஐபோன் ஆலை வருகிறது, அதில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதியிலிருந்து வந்த பழங்குடிப் பெண்கள் என்று பெருமையாகச் சொன்னார். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆலை, பேருந்து, விடுதி என்ற மூன்று இடங்களுக்குள்ளேயே அந்த வாழ்க்கை முடிந்துவிடுகிறது. மொழி தெரியாது, ஊர் தெரியாது, சங்கம் தெரியாது.

2024 செப்டம்பர் 28 அன்று அந்த ஆலையில் தீப்பிடித்தது. மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அடுத்த நாட்களில் வணிகச் செய்திகளின் கவலை என்னவாக இருந்தது தெரியுமா? பண்டிகைக் கால விற்பனைக்கு ஐபோன் போதுமான அளவு கிடைக்குமா என்பது.

2025 நவம்பரில் நாகமங்கலம் பக்கம் அந்த நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், குளியலறைக்குள் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்து பெண்கள் திரண்டு போராடினார்கள். அதன் பிறகு கைதுகள் நடந்தன. உலகத்திலேயே சிறந்த கேமராவைச் சுமக்கும் போனுக்குக் கூடு செய்யும் பெண்கள், குளிக்கிற இடத்தில் ஒரு கேமராவுக்குப் பயந்து வீதிக்கு வர வேண்டியிருந்தது. கண்காட்சி மேடைகளில் 'ஸ்மார்ட் ஹோம்' என்று காட்டுகிறார்களே, இந்தப் பெண்களுக்குத் தாழ்ப்பாளை நம்பிக் குளிக்க ஒரு இடம் இல்லை.

இதனால் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கருவி நம் கைக்கு வந்தால் சாதிக்கு எவ்வளவு எரியும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2012 நவம்பர் 7, பக்கத்து மாவட்டமான தருமபுரியில் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர். 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிய டிவி, பிரிட்ஜ், பைக், பீரோ எல்லாவற்றையும் உடைத்தார்கள். ஒரு காதல் திருமணம்தான் காரணம் என்று சொன்னார்கள். காதலுக்கும் பிரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? காலனி வீட்டில் பிரிட்ஜ் இருந்ததே அவர்களுக்குக் குற்றமாகத் தெரிந்தது. அதனால் ஒரு தலித் வீட்டுக்குள் டிவி வருவதை 'நுகர்வு மோகம்' என்று எளிதாகத் தள்ளிவிடும் முற்போக்குப் பேச்சையும் நான் ஏற்கவில்லை.

பெரியார் இதை நமக்கு முன்பே யோசித்துவிட்டார். 1940களில் அவர் எழுதிய 'இனி வரும் உலகம்' உங்களுக்குத் தெரியும். கம்பியில்லாத் தந்திச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், தூரத்தில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதை, புது போன் வரும்போதெல்லாம் நாம் பகிர்ந்து பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே எழுத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. இயந்திரம் பெருகினால் மனிதன் பாடுபட வேண்டிய நேரம் குறைய வேண்டும், ஒருவர் உழைத்து ஒருவர் உட்கார்ந்து தின்னும் நிலை ஒழிய வேண்டும் என்பது அந்தப் பாதி. போன் வந்துவிட்டது. அந்த இன்னொரு பாதி வரவில்லை. அதைப் பகிர்கிறவர்களும் குறைவு.

நேரக் கணக்கைப் பாருங்கள். தொழிலாளர் துறைப் பொறுப்பில் அம்பேத்கர் இருந்த காலத்தில், 1946இல், ஆலை வேலை நேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை இயந்திரங்கள் வந்துவிட்டன! கணினி, ரோபோ, செயற்கை நுண்ணறிவு. வேலை நேரம் 40 ஆகியிருக்க வேண்டும், 30 ஆகியிருக்க வேண்டும். ஆனால் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்த பிறகுதான் மே தினத்தையொட்டித் திரும்பப் பெற்றார்கள். 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆட்டம் முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு ஜனவரியும் புதுக் கருவியின் விலை என்ன, வேகம் என்ன என்று ஊடகங்கள் கேட்கட்டும். நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இது யாருடைய உழைப்பைக் குறைக்கிறது? இதைச் செய்த கைகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது? நம் வேலைக்கு இயந்திரம் வந்தால் அதன் சாவி யார் கையில் கொடுக்கப்படுகிறது?

மூன்றாவது கேள்விக்கு மாநாடு வரை காத்திருக்க வேண்டாம். இங்கே சங்க நிர்வாகிகள் இருக்கிறீர்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸ், கேன்டீனோடு இதையும் சேருங்கள்: துப்புரவுப் பணிக்கு வாங்கும் எந்த இயந்திரத்துக்கும் முதல் பயிற்சியும் முதல் பதவி உயர்வும் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவரும் பெண்களுக்கே. கான்ட்ராக்டர் ஆள் என்று சொல்லி அவர்களைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று மேடையில் முழங்குகிறோம். அது ஆலைக்குள் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டால், அந்த ஸ்க்ரப்பர் வண்டியின் இருக்கையிலிருந்து என்பேன்.

நாளை ஷிப்டுக்குப் போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். உங்கள் ஆலையில் அந்த வண்டியை ஓட்டுவது யார்? கழிப்பறைக்கு வாளி தூக்கிப் போவது யார்? இரண்டு பேரும் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? எழுதி வையுங்கள், எனக்கும் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசுவோம். அந்தக் கூட்டத்துக்கு என் அம்மாவையும் அழைத்து வருகிறேன். அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.