ஆங்கிலம் முறைமன்றம் ஏறிய வரலாறு

இன்று பன்னாட்டு முறைமன்றங்களிலும் ஒலிக்கும் ஆங்கிலம், இங்கிலாந்தின் முறைமன்றங்களிலேயே வாயில் காத்துக் கிடந்த மொழியாகும். நார்மானியர் 1066இல் அந்நாட்டை வென்றபின், நாளடைவில் வழக்காடும் மொழி பிரெஞ்சாயிற்று. பதியும் மொழி இலத்தீன். பிரெஞ்சு மக்களுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் வழக்காடுக என்று 1362இல், மூன்றாம் எட்வர்டு ஆட்சியில், சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்ததுதான் நகைப்பு! பதிவுகளோ இலத்தீனிலேயே நின்றன. விளங்கா மொழி வழக்கறிஞர்க்கு வேலியன்றோ? 1650இல் குடியரசினர் அனைத்தையும் ஆங்கிலமாக்கினர். 1660இல் மன்னராட்சி மீண்டதும் பழைய மொழிகளும் மீண்டன. 1731இல் இயற்றப்பெற்று 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாற்றான், ஓர் உழவன் தன்மேல் வரையப்பட்ட குற்ற ஆவணத்தைத் தன் தாய்மொழியில் நிலையாகக் காண முடிந்தது. முதற் சட்டத்திற்குப்பின் 371 ஆண்டுகள்!