சோரும்சாண்டின் குட்டி ரெயில்

ஒஸ்லோவிலிருந்து கொங்ஸ்விங்கர் ரெயில் பாதையில் புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் சோரும்சாண்ட் வந்துவிடும். கோடைகால ஞாயிறுகளில் அங்கே இறங்குகிறவர்கள் நிலக்கரிப் புகையின் மணத்தைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம். அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் நிற்பது, ஊரார் செல்லமாகத் ‘தெர்தித்தன்’ என்று கூப்பிடும் குட்டி ரெயில்.

இதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே வெறும் 75 சென்ரிமீற்றர்தான். 1896இல் ஓடத் தொடங்கி, பிறகு ஸ்கூலரூட் வரை சுமார் 57 கிலோமீற்றர் நீண்டு, காட்டு மரத்தையும் கிராமத்து மக்களையும் சுமந்த பாதை இது. வீதிகளில் லொறியும் பஸ்ஸும் பெருகின. 1960இல் அரசு ரெயில்வே பாதையை மூடியது.

தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனபோது, கொஞ்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஆர்வலர்கள் ஒன்றுகூடினார்கள். 1966இல் அவர்களுடைய வண்டி பயணிகளோடு ஓடியது. இன்று எஞ்சியிருப்பது ஃபொஸ்ஸும் வரை ஏறக்குறைய 4 கிலோமீற்றர். ஒரு பாதை இல்லாமற்போவது என்னவென்று நோர்வேயில் உள்ள தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. போரால் 1990இல் நின்ற யாழ்ப்பாண ரெயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின.

பழைய எஞ்சினைப் பராமரிப்பது என்றால் துடைத்து மினுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை கொதிகலனுக்குள் இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கக் கூடாது. ஒரு பக்கம் முந்தி விரிந்து, மறுபக்கம் பிந்தினால், குழாய்கள் தகட்டோடு சேரும் இடத்தில் நீர் கசியத் தொடங்கும். அதனால் ரெயில் புறப்படுவதற்குப் பல மணித்தியாலங்கள் முன்பே, விறகில் சிறு நெருப்பு மூட்டி, மெல்ல மெல்ல வளர்க்கிறார்கள். அடியில் படியும் உப்புப் படிவை அவ்வப்போது கழுவி எடுக்க வேண்டும். தேய்ந்த குழாய்களை உருவி, புதியவற்றைப் பொருத்தி, அழுத்தச் சோதனையில் தேறிய பிறகுதான் பயணிகளை ஏற்றலாம்.

இந்தப் பாதைக்குரிய, 1909இல் செய்த ‘செட்ஸ்கூகன்’ என்ற எஞ்சினுக்கு எந்தக் கடையில் உதிரிப்பாகம் வாங்குவது? முதலில் மரத்தில் மாதிரி செதுக்கி, அதை மணலில் பதித்து, உலோகம் வார்த்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும். மரப் பெட்டிகளின் கதை வேறு. உளுத்த துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதே இன மரத்தை ஒட்டுப்போட வேண்டும். ஒரு கையளவு இடத்தில் வர்ணத்தைப் படைபடையாகச் சுரண்டினால், அடியில் ஆதி நிறம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்கும் வரை தூரிகையைத் தொடாத நிதானம்தான் நல்ல கைவினைஞரின் அடையாளம்.

சம்பளத்துக்காக அல்லாமல் ஆர்வலர்கள் இதையெல்லாம் விருப்பத்துக்குச் செய்கிறார்கள். இங்கே வசந்தம் வந்ததும் குடியிருப்பு வளவைக் கூடிக் கூட்டித் துப்புரவாக்கும் டுக்னாட் நேயர்களுக்குப் பழக்கமானதுதான். அதே கூட்டு உழைப்பு சோரும்சாண்டில் ஒரு தொழில்நுட்பத்தையே உயிரோடு வைத்திருக்கிறது.

பழைய எஞ்சினை ஓட்டுவதற்கு ஒரு விலையும் உண்டு. ஓட ஓட எஞ்சின் தேயும். ஒவ்வொரு புதுப் பாகமும் மூலப்பொருளைக் கொஞ்சம் குறைக்கும். 1896இலேயே தொடங்கிய ஹாமார் ரெயில் அருங்காட்சியகத்தில், 1861இல் ரொபர்ட் ஸ்டீவன்சன் ஆலையில் செய்த ‘கரோலினே’ என்ற எஞ்சின் இருக்கிறது. அத்தனை அரிய ஒன்றைத் தொடாமல் வைப்பதே முறை. ஆனால் எல்லா எஞ்சின்களையும் அப்படி நிறுத்திவிட்டால், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே நீராவியின் போக்கை அறியும் கண்ணை யார் பழக்குவது? 1960இல் இருபது வயதில் கரி அள்ளிப் போட்டவருக்கு இன்று எண்பத்தைந்து தாண்டியிருக்கும். அந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் ஏறாது. பக்கத்தில் நின்று, கரண்டியை வாங்கி, தானே போட்டுப் பார்க்கும் ஒருவர் வேண்டும். தெர்தித்தன் ஓடுவதால்தான் அப்படியொருவர் அங்கே நிற்க முடிகிறது.