அஸ்கா மோகமும் அதை வெல்லும் வழியும்

(சிதம்பரத்தில் கூடிய நம் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் நம்மவர் முன்னிலையில், கல்வி நிதியைப் பற்றியோ விவாகச் செலவைப் பற்றியோ பேசாது, நாக்கைப் பற்றிப் பேச எழுந்தோம். இஃது அற்ப விஷயமெனச் சிலர் நகைக்கலாம். ஆயின், எமது தமையனார் நீரிழிவினால் ஒரு காலை இழந்து, மூன்று வருஷம் திண்ணையிலேயே கிடந்து மாண்டார். அவருக்கு அவ்வியாதி உண்டென்று அறிந்த பின்னும், "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகிவிடாது" என்று சொல்லி, அவர் இலையில் ஜாங்கிரியை இட்டவர் யார்? நாமே. அக்குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இன்று இங்கு நிற்கின்றோம்.

கரும்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. ஆயினும், வெண்மையாகச் சுத்தி செய்த சர்க்கரை நம் வீடுகளில் அன்றாடப் பொருளானது பிற்காலத்திலேயாம். கடலூருக்கு அருகிலுள்ள நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் 1842-ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை நிறுவினர். நம் பாட்டிமார் வெள்ளைச் சர்க்கரையை "அஸ்கா" என்றே வழங்கினர். கஞ்சம் ஜில்லாவிலுள்ள அஸ்கா என்னும் ஊரின் சர்க்கரையினால் வந்த பெயர் அது. ஆலையையோ, கரும்பு விளைவித்து ஜீவிக்கும் நம் உறவினரையோ குறை கூறுவது நம் நோக்கமன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியதாயிருந்த இனிப்பை விடியற்காலைக் காபி முதல் இராப் பாலீறாக ஆக்கிக்கொண்டது நம் பிழையே.

இப்பழக்கம் நம்மை ஏன் இவ்வளவு இறுகப் பற்றுகின்றது? நாரும் தவிடும் நீங்கிய சர்க்கரை, மைதா, மிகத் தீட்டிய அரிசி ஆகியவை விரைவில் ஜீரணித்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகின்றன. அதை அடக்க இன்சுலின் பெருகிச் சுரக்கின்றது. சிறிது நேரத்தில் பலருக்கு மீண்டும் பசியும் சோர்வும் தோன்றுகின்றன. மேலும், இனிப்பை உண்ணும்போது மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, "இன்னும் வேண்டும்" என்னும் ஆசையை எழுப்புகின்றது. இதனை மதுப்பழக்கத்திற்கு ஒப்பாகச் சொல்லலாமா என்பதில் அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். பெயர் எதுவாயினும், விட முயன்றவர் அதன் பிடியை அறிவர்.

தீட்டிய அரிசியைப் பற்றி ஒரு பழைய பாடம் உண்டு. முன்பு ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் அதற்குத் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் ஜீவசத்து அரிசிக்குள் ஊறுவதே காரணம். அது வேறு வியாதியே. எனினும், வெண்மையே மேன்மையன்று என்பதை அது நன்கு உணர்த்துகின்றது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் என மதிப்பிட்டது. உலக சுகாதார ஸ்தாபனமோ, நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரையை ஏறக்குறைய 25 கிராம், அஃதாவது ஆறு தேக்கரண்டி அளவுக்குள் நிறுத்துவது நலமென 2015-இல் கூறியது. இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட காபியை நான்கு வேளை அருந்துபவர், பலகாரம் ஒன்றும் தொடாமலே இவ்வளவைக் கடந்துவிடுகின்றார்!

இனி, மீளும் வழி யாது? ஒரே நாளில் சபதம் செய்து மறுநாள் முறிப்பதினும், வாரத்திற்கு அரைக்கரண்டியாகக் குறைப்பது நன்று. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய காபி திகட்டும். கைக்கெட்டும் இடத்தில் பிஸ்கட்டும் மிட்டாயும் வையாதீர்கள். சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் கீரையும் பெருக்குங்கள். சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு இருக்க, குறையென்ன? உண்டபின் சிறிது உலாவுங்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தீங்கற்றவை என்றெண்ணி ஏமாறாதீர்கள். அவையும் பெரும்பாலும் சர்க்கரையே. ஒரு நாள் தவறினால், எல்லாம் போயிற்றென்று கைவிடாதீர்கள். நீரிழிவுக்கு மருந்துண்போர் மட்டும் வைத்தியரைக் கலந்தே உணவை மாற்ற வேண்டும். திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக் கூடும். அவ்வாறு தாழ்ந்த வேளையில் சர்க்கரையே மருந்தாம்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்று. தனி ஒருவர் மனவுறுதியால் மட்டும் இது கைகூடாது. "வேண்டாம்" என்பவரை விருந்தில் வற்புறுத்துவதை அன்பென்று நாம் கொண்டாடும் வரையில், எவர் மீள்வார்? விருந்தோம்பல் என்பது விருந்தினர் உடல் நலத்தையும் ஓம்புவதன்றோ? ஆகையால், நம் குடும்ப விசேஷங்களில் ஒருமுறை மறுத்தவர் இலையில் மறுமுறை இனிப்பிடுவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் தீர்மானிப்போமாக. தாய்மார்களே, இத்தீர்மானம் உங்கள் கரண்டியில் உள்ளது.

இக்கூட்ட முடிவில் காபி வழங்கப்படும். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்குமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொண்டோம். வேண்டுவோர் வேண்டுமளவு இட்டுக்கொள்ளலாம். எமது தமையனார்க்கு நாம் செய்யத் தவறிய மரியாதையை உங்களுக்கேனும் செய்ய விரும்புகின்றோம்.